நவம்பர் பதினைந்தும் லைல் ஹக்காலாவும்

எங்கள் ஊரில் முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தால் படைவீரர் மன்றத்திலிருந்து ஐந்து பேர் துப்பாக்கியுடன் கல்லறைத் தோட்டத்துக்கு வருவார்கள். ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரி நீலச் சட்டை. லைல் ஹக்காலா அந்த வரிசையில் நிற்கமாட்டான். கொஞ்சம் தள்ளி ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு அடியில், சாலைத் துறை கொடுத்த பழுப்புக் கோட்டோடு, டிரம்பெட்டின் வாய்முனையைக் குளிரில் உறையாமல் அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பான். துப்பாக்கிகள் மூன்று முறை வெடித்து ஓய்ந்ததும் இறந்தவருக்கு விடைகொடுக்கும் அந்தக் கடைசி மெட்டை ஊதுவான். ஊதி முடித்ததும் யாரிடமும் பேசாமல் லாரிக்குப் போய்விடுவான்.

வெளியூர் உறவினர்கள் கேட்பார்கள், "அவர் ஏன் தனியா நிக்கிறார்?" என்று. அதுதான் மரபு என்று வரிசைக்குத் தலைவரான பெர்னி ட்ரெம்ப்லே சொல்லிவிடுவார். மரபெல்லாம் இல்லை. மன்றத்தில் உறுப்பினராக வேண்டுமானால் படையிலிருந்து கௌரவமாக விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். லைலை ராணுவ ரிசர்வ் படை விடுவித்தபோது கொடுத்த சான்றில் 'கௌரவத்துக்குக் குறைந்த' என்று இருந்தது.

அவன் அங்கே ஊதத் தொடங்கியதே ஒரு பாட்டரியால். எங்கள் மாவட்டத்தில் ஊதத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனதும் மன்றம் பியூகிள் என்கிற ராணுவ ஊதுகொம்பு ஒன்றை வாங்கியது. அதன் வாய்க்குள் சின்ன ஒலிபெருக்கி. பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டு நின்றால் அதுவே ஊதிக்கொள்ளும். பெர்னியின் மைத்துனருக்கு அந்த வேலை. கன்னத்தை உப்பிக்கொண்டு மிகுந்த துக்கத்துடன் நிற்பார். ஏப்ரல் கடைசியில் மண் இளகி, உறைந்த மண்ணைத் தோண்ட முடியாமல் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்த சவங்களை அடுத்தடுத்துப் புதைத்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், மறுபடி பனி கொட்டியது. லைல் சவ வண்டி உள்ளே வருவதற்காகத் தோட்டத்துப் பாதையில் பனியைத் தள்ளிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தான். துப்பாக்கிகள் வெடித்தன. பியூகிள் ஏழெட்டுச் சுரம் ஊதியது, ஆட்டுக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது, நின்றுவிட்டது. மைத்துனரின் கன்னம் மட்டும் உப்பியபடியே இருந்தது.

லைலிடம் டிரம்பெட் இருந்தது. சனிக்கிழமைகளில் போல்கா நடன பாண்டில் வாசிப்பவன். லாரியிலிருந்து இறங்கி, விட்ட இடத்திலிருந்து ஊதி முடித்தான். அன்றிலிருந்து மன்றம் அவனைத்தான் கூப்பிட்டது, மரத்தடி வரைக்கும்.

லைலின் அப்பா மரம் வெட்டும் கம்பெனிக்கு லாரி ஓட்டினார். மகன் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். வருடத்தில் பாதி நாள் பனி பெய்யும் இந்த ஏரிக்கரையில் அவனைத் தெரியாத வீடு கிடையாது. லாரித் தகடு தள்ளிக்கொண்டு போகும் பனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மேடாகச் சேரும். அது வீட்டுக்காரர் பாடு என்பது துறையின் விதி. வயதானவர்கள் வீட்டு வாசலில் லைல் வண்டியைப் பின்னுக்கு எடுத்து அந்த மேட்டைத் தள்ளிவிட்டுத்தான் போவான்.

அவனிடம் இருந்த ஒரே சிக்கல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவான். ஒருமுறை லூத்தரன் சர்ச்சில் பாஸ்டி செய்யும் போட்டிக்கு அவனை நடுவராக உட்காரவைத்தார்கள். இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற அந்தப் பண்டத்தில் காரட் போடலாமா கூடாதா என்று இங்கே குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. அவன் மனைவி டார்லா போட்டிருந்தாள். அவளுக்கு மூன்றாம் இடம் கொடுத்தான். போட்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். அந்த வாரம் முழுக்க அவன் வீட்டில் டின் சூப்தான்.

ரிசர்வில் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயது. பொறியாளர் கம்பெனியில் புல்டோசர் ஓட்டுநர். மாதத்தில் ஒரு வார இறுதி டிரில், கோடையில் இரண்டு வாரம் முகாம். வண்டி ஓட்டுவான், மாலையில் கொடி இறக்கும்போது ஊதுவான். ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் போனது. அப்புறம் கிரெய்க் வான்டர்மோலன் கேப்டனாக வந்தார்.

கேப்டன் பாலத்துக்குக் கீழே இருந்து வந்தவர், மாநிலத்தின் தென்பாதிக்காரர். மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்திருந்தார். இளைஞர், ஒழுங்கானவர். நவம்பர் மாத டிரிலைப் பதினாறு, பதினேழு தேதிகளில் வைத்தார். அந்த வார இறுதியில் பயிற்சி மைதானம் முழுதும் காலியாக இருந்தது. எந்தப் பிரிவும் அதைக் கேட்டிருக்கவில்லை. அவருக்கு அது அதிர்ஷ்டமாகப் பட்டது. ஏன் யாரும் கேட்கவில்லை என்று அவர் யோசிக்கவில்லை.

நவம்பர் பதினைந்து மான் வேட்டை தொடங்கும் நாள். அன்று பள்ளிக்கூடம் திறக்காது. பல் வைத்தியர் இருக்கமாட்டார். அந்த வாரத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், வைத்தால் மாப்பிள்ளை வரமாட்டான். பழைய கேப்டன்கள் எல்லாரும் நவம்பர் டிரிலை மாதத்தின் முதல் வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். இதை ஒருவரும் புதியவரிடம் சொல்லவில்லை. தெரியாத மனிதர் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து கேப்டனுக்குப் போன் வந்தபடி இருந்தது. எல்லாருக்கும் காய்ச்சல். கம்பெனியின் மூத்த சார்ஜென்டாக இருந்த பெர்னிக்கும் காய்ச்சல். அவர் காட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் மதுக்கடையிலிருந்து பேசினார். பின்னணியில் யாரோ சீட்டைக் கலைக்கும் சத்தமும் நாய் குரைப்பதும் கேட்டதாம்.

கடைசியாக லைல் கூப்பிட்டான்.

"கேப்டன், இந்த வாரம் நான் வர முடியாது."

"உனக்கும் காய்ச்சலா?"

"இல்ல. உடம்பு நல்லாத்தான் இருக்கு. மான் வேட்டைக்குப் போறேன்."

கேப்டன் குரலைத் தணித்துக்கொண்டாராம். "ஹக்காலா, நல்லா யோசிச்சுச் சொல்லு. லேசா ஜுரம் மாதிரி ஏதாவது?"

"இல்ல கேப்டன்."

காய்ச்சல்காரர்கள் அத்தனை பேருக்கும் விடுப்பு கிடைத்தது. லைலுக்கு மட்டும் அனுமதியில்லாத வராமை என்று எழுதினார்கள். டிசம்பர் டிரிலில் கேப்டன் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்திப் பேசினார். இரண்டு நாளும் கழிவறை அவன் பொறுப்பு என்றார். அவன் துடைப்பத்துடன் போவதைப் பார்த்து, காய்ச்சல் தெளிந்தவர்கள் வரிசையில் நின்று சிரித்தார்கள்.

ஜனவரியில் அவன் போகவில்லை. பிப்ரவரியிலும் போகவில்லை. தபால் ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளும்படி சீட்டு வந்துகொண்டே இருந்தது, வாங்கப் போகவில்லை. ஒரு வார இறுதியைத் தவறவிட்டால் நான்கு வராமை என்பது ரிசர்வின் கணக்கு. அந்தக் கணக்கில் அவன் சீக்கிரமே எல்லையைத் தாண்டினான். கோடையில் விடுவித்துவிட்டார்கள்.

கேப்டன் பிறகு எங்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்காரரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். மாமனாருக்குப் பின் கடை அவருடையது. லைல் ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் அடுத்த ஊருக்கு வண்டி எடுத்துக்கொண்டு போவான். கேப்டனின் கடை அவன் பனி தள்ளும் பாதையில்தான் இருந்தது. அந்த வாசலில் சேரும் மேட்டை மட்டும் அவன் தொட்டதில்லை. கேப்டன் ஒவ்வொரு காலையும் மண்வெட்டியால் தானே அள்ளுவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், பேசமாட்டார்கள். இப்படிப் பதினான்கு வருடம் ஓடியது.

நான் மாவட்ட அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களின் மனுக்களைப் பார்க்கிறவன். ஒரு ஜனவரிக் காலை டார்லா லைலை முன்னால் தள்ளிக்கொண்டு என் அறைக்குள் வந்தாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்துகிறவள். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பழக்கம்.

"வெர்ன், இவன்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா ஏறல."

"என்ன விஷயம்?"

"மன்றத்துக்கு மேலிடத்துலேருந்து உத்தரவு வந்திருக்கு. உறுப்பினரா இல்லாதவங்க இனிமே அடக்கத்துல எதுவும் செய்யக்கூடாதாம். மரத்தடியும் கிடையாது. பெர்னி கெஞ்சி அடுத்த வருஷ வசந்தம் வரைக்கும் அவகாசம் வாங்கியிருக்கான். அப்புறம் பழையபடி அந்த மெஷின்தான்."

"ஊதட்டுமே," என்றான் லைல். "புது பாட்டரி போட்டா நல்லாத்தான் ஊதும்."

"ஊதட்டுமாம். ஒரு வாரமா துணி துவைக்கிற ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான், வெர்ன். சோறு இறங்கல."

"சோறு இறங்குது."

"ஒரு பாஸ்டிதான் தின்னே நேத்திக்கு."

"காரட் போட்டிருந்த."

நான் லைலைப் பார்த்து, "உனக்கு வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லு," என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நாலஞ்சு கிழவனுங்க எங்கிட்டக் கேட்டிருக்கானுங்க, வெர்ன். நாங்க போகும்போது நீதான் ஊதணும்னு. எல்லாருக்கும் சரின்னுட்டேன். இப்பப் போய் பாட்டரி வரும்னு எப்படிச் சொல்றது?"

விடுவிப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி ராணுவத்தின் குழுவுக்கு மனுப் போடலாம். விடுவித்துப் பதினைந்து வருடத்துக்குள் போட வேண்டும், இன்னும் நேரம் இருந்தது. குழு இரண்டு விஷயம்தான் பார்க்கும் என்று அவனுக்கு விளக்கினேன். விதிப்படி நடந்ததா, நியாயமாக நடந்ததா.

"விதிப்படிதான் நடந்தது," என்றான் லைல்.

"தெரியும். அதனால நியாயத்தைத்தான் பிடிக்கணும். அன்னிக்கு என்ன நடந்ததுன்னு சொல்ல ஆள் வேணும். நீ சொன்னா மட்டும் போதாது."

"பெர்னி சொல்வான்."

"பெர்னியால பாதிதான் சொல்ல முடியும். முழுசாச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான் இருக்கார்."

லைல் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். "அந்த ஆள்கிட்டப் போய் நிக்க மாட்டேன்."

பெர்னியை மன்றத்தில் பிடித்தேன். வெள்ளிக்கிழமை, மீன் வறுக்கும் நாள். சாட்சி சொல்வாரா என்று கேட்டதும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னன்னு சொல்றது? எனக்குக் காய்ச்சல் இல்லைன்னா? ராணுவத்துலேருந்து பென்ஷன் வாங்கற ஆளுய்யா நான்."

"பதினாலு வருஷத்துக்கு முந்தின காய்ச்சலுக்கா பென்ஷனைப் பிடிப்பாங்க?"

"அவங்க எதைப் பிடிப்பாங்கன்னு எவனுக்குத் தெரியும்? அன்னிக்கு கேப்டன் திரும்ப எங்க வீட்டுக்குப் போன் பண்ணப்ப என் பெண்டாட்டி அழுதுருக்கா. எனக்கு சூப் கொடுத்துக்கிட்டு இருக்கேன்னு. அவளை மாட்டிவிடச் சொல்றியா?"

அடுத்த மேசையில் லைல் டார்லாவுடன் மீன் தின்றுகொண்டிருந்தான். டார்லாவின் அப்பா கொரியப் போரில் இருந்தவர் என்பதால் அவள் மன்றத்தின் மகளிர் பிரிவில் உறுப்பினர். லைல் ஒவ்வொரு வெள்ளியும் மனைவியின் விருந்தாளியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருவான். பெர்னி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "அவன் முகத்தைப் பாரு, மீனே கசக்குது," என்றார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

டார்லா அவளாகவே ஹார்டுவேர் கடைக்குப் போய்வந்தாள். கேப்டன் அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே வாக்கியம் சொன்னாராம். "அவன் வந்து கேக்கட்டும்."

லைல் ஐந்து வாரம் போகவில்லை. ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் செய்தான். "நீயும் கூட வர்றியா? நான் பேசலேன்னா நீ பேசு."

கடையில் கூட்டமில்லை. கேப்டன் கவுன்டருக்குப் பின்னால் ஒரு பனிச்சப்பாத்தின் வார் தைத்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் ஊசியை வைத்துவிட்டு எழுந்தார்.

லைல் நீண்ட நேரம் ஆணிப் பெட்டிகளைப் பார்த்தான். பிறகு, "அரை அங்குல போல்ட் இருக்கா?" என்றான்.

"இருக்கு. எத்தனை?"

"நாலு."

கேப்டன் எடுத்துவந்து வைத்தார். "வேற?"

"வாஷர்."

"அதுவும் நாலா?"

"ஆமா."

நான் தொண்டையைச் செருமினேன். இருவருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"வேற ஏதாவது, ஹக்காலா?"

லைல் போல்ட்டுகளைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். "குழு முன்னாடி வந்து நடந்ததைச் சொல்லணும். எனக்குச் சாதகமாச் சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொன்னா போதும்."

"நடந்தது உனக்குச் சாதகமா இருக்கும்னு நினைக்கிறியா?"

"தெரியல. ஜனவரியில நான் வராதது என் தப்பு. அதையும் சொல்லுங்க."

கேப்டன் கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "நான் இங்க வந்து ரெண்டாவது வருஷம் என் மாமனார் என்னை வேட்டைக் குடிசைக்குக் கூட்டிட்டுப் போனார். பதினைஞ்சாம் தேதி காலையில வெளியே வந்து பார்த்தேன். என் கம்பெனி முழுக்க அந்தக் காட்டுலதான் இருந்தது. ஒரு மரத்துக்கு ஒருத்தன். எல்லாரும் கையாட்டினானுங்க."

லைலின் மீசை அசைந்தது.

"அன்னிக்கே உன்கிட்ட வந்து பேசியிருக்கணும்," என்றார் கேப்டன். "நீ கடைப்பக்கமே வரல."

"நீங்க சாலைத் துறைப் பக்கம் வரலியே."

"என் வாசல்ல நீ தள்ளிவிட்ட பனியை அள்ளவே எனக்கு நேரம் சரியாப் போச்சு."

"அது நான் தள்ளிவிட்டதில்ல. தள்ளாம விட்டது."

கேப்டன் சிரித்துவிட்டார். காபி போட்டார். மனைவி சுட்ட ஏலக்காய் ரொட்டியை வெட்டிக் கொடுத்தார். இருவரும் ஒரு மணி நேரம் ராணுவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பனிச்சப்பாத்தின் வாரை எந்தத் தோலில் போடுவது என்றுதான் பேசினார்கள். எனக்கு வேலையே இல்லை.

மனு போய்ச் சேர்ந்து, விசாரணை டிசம்பரில் வந்தது. மாவட்டக் கட்டடத்தில் நாய்களுக்கு உரிமம் கொடுக்கும் அறையில் ஒரு டெலிவிஷன் வைத்து, தலைநகரத்தில் இருக்கும் குழுவுடன் இணைப்புக் கொடுத்தார்கள். திரையில் ஐந்து அதிகாரிகள் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண் கர்னல்தான் தலைவர். லைல் தன் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தான். பொத்தான் போட முடியவில்லை. டார்லா அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கதவோரமாக பெர்னி வந்து நின்றார். சாட்சியாக இல்லை, சும்மா பார்க்கத்தான் என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கர்னல் கேட்டார். "மிஸ்டர் ஹக்காலா, நவம்பர் டிரிலுக்கு ஏன் வரல?"

"மான், மேடம்."

மற்ற நான்கு பேரும் தலையைத் தூக்கினார்கள். குடும்பக் கடமை என்று சொல் என்று நான் அவனுக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"மான் அடுத்த வாரமும் அங்கதானே இருந்திருக்கும்?"

"இருக்கும் மேடம். ஆனா அதுக்குள்ள அதுங்களுக்கு விஷயம் தெரிஞ்சு போயிடும்."

ஓரத்தில் இருந்த ஒரு மேஜர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கர்னல் சிரிக்கவில்லை.

"சரி. ஜனவரியில வேட்டை இல்லையே. ஏன் வரல?"

"கோபம், மேடம். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மறுபடி அங்க போய் நிக்கப் பிடிக்கல. அது சரியில்ல. கூப்பிட்டா வர்றேன்னு கையெழுத்துப் போட்டவன் நான். போயிருக்கணும்."

"கம்பெனிலேருந்து வந்த கடிதங்களுக்கும் பதில் போடல."

"வாங்கவே இல்ல, மேடம். உள்ள என்ன இருக்கும்னு தெரியும்."

டார்லா மெல்ல முனகினாள். எனக்கும் முடிந்தது என்றுதான் தோன்றியது. நியாயம் கேட்டு வந்தவன் எதிர்த்தரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தான்.

கேப்டன் எழுந்து நின்று தன் பெயரையும் பழைய பதவியையும் சொன்னார்.

"அந்த வார இறுதியில் டிரில் வெச்சது என் தவறு. அந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல. பாதிக் கம்பெனிக்கு மேல காய்ச்சல்னு போன் பண்ணாங்க. அது பொய்னு எனக்கு அப்பவே தெரியும். பொய் சொன்ன எல்லாருக்கும் விடுப்புக் கொடுத்தேன். ஒருத்தன் மட்டும் உண்மையைச் சொன்னான். அவனை மட்டும் தண்டிச்சேன். அப்புறம் பொய் சொன்னவங்க முன்னாடியே அவனைக் கழிவறை கழுவ வெச்சேன். விதிப்படி நான் செய்ததுல ஒரு எழுத்துத் தப்பு இல்ல. அதுக்கப்புறம் அவன் வராம இருந்ததுக்கு அவன் பொறுப்பு. அவனை அந்த இடத்துக்குத் தள்ளினது நான்."

"பாதிக் கம்பெனிக்கு மேல பொய் சொன்னாங்கன்னு எப்படி நிச்சயமாச் சொல்றீங்க?" என்று மேஜர் கேட்டார். "நிஜமாவே காய்ச்சல் பரவியிருக்கலாமே?"

கேப்டன் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"பரவல சார்," என்றது ஒரு குரல். பெர்னி தொப்பியைக் கழற்றியிருந்தார். "பெர்னார்ட் ட்ரெம்ப்லே, மூத்த சார்ஜென்ட், ஓய்வு. எனக்குக் காய்ச்சல் இல்ல. எட்டுக் கிளைக் கொம்போட ஒரு மான் அடிச்சேன். மத்தவங்க எல்லாரும் சுத்தியே இருந்தாங்க. இவன் பக்கத்து மரத்துல இருந்தான்." கொஞ்சம் யோசித்து, "இவனுக்கு அன்னிக்கு ஒண்ணும் கிடைக்கல," என்று சேர்த்துக்கொண்டார்.

கர்னல் குனிந்து ஏதோ எழுதினார். எழுதி முடிக்க வேண்டியதைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

கடைசியாக லைலிடம், ஏன் இப்போது கேட்கிறான் என்று கேட்டார். அவன் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் கிழவர்களைப் பற்றியும் சொன்னான். பாட்டரியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

"வீரர் மன்றத்தின் கருவியைக் குறை சொல்லலாமான்னு தெரியல, மேடம்."

"சொல்லலாம்," என்றார் கர்னல்.

"ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும்."

முடிவு வர மார்ச் ஆயிற்று. நடுவில் லைல் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. டார்லாதான் தினமும் எனக்குப் போன் செய்வாள். கடிதம் வந்த அன்று அவன் பனி தள்ளிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, பள்ளிக்கூடச் சமையலறை ஏப்ரனோடு காரை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனாள். நெடுஞ்சாலையில் பனி லாரிக்கு முன்னால் காரைக் குறுக்கே நிறுத்தினாள். பின்னால் பன்னிரண்டு கார்கள் நின்றுவிட்டன. சாலைத் துறை அவளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அதை அவள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். கௌரவ விடுவிப்புச் சான்று எங்கேயோ அலமாரியில் இருக்கிறது.

மே மாதம் மண் இளகியது. முதல் அடக்கத்துக்கு லைல் வரிசையில் நின்றான். நீலச் சட்டை டார்லாவே தைத்தது, தோளில் பிடித்தது. இத்தனை வருடம் தனியாக நின்று பழகியவனுக்குச் சேர்ந்து நடக்க வரவில்லை. மற்றவர்கள் இடது காலை எடுத்தபோது அவன் வலதை எடுத்தான். பெர்னி வாயைத் திறக்காமலே, "மாத்து, மாத்து," என்றார். அவன் மாற்றினான். அதற்குள் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். ஊதும்போது மட்டும் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் மன்றத்துக்குப் போனபோது சாப்பாட்டுக் கூடத்தில் அவன் இல்லை. கேப்டனும் பெர்னியும் ஒரே மேசையில் இருந்தார்கள். எங்கே என்று கேட்டேன். பெர்னி சமையலறைப் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார்.

லைல் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, மீன் வறுக்கிற பெரிய எண்ணெய்ச் சட்டிக்குள் தலையை விட்டிருந்தான்.

"என்ன இது?"

"புது உறுப்பினர்தான் இதைக் கழுவணுமாம். விதி." அவன் குரல் சட்டிக்குள்ளிருந்து வந்தது. "இத்தனை வருஷமா இங்கதான் தின்னுக்கிட்டு இருக்கேன், ஒருத்தனும் சொல்லல."

"இத்தனை வருஷமும் நீ என் விருந்தாளி," என்றாள் டார்லா, தட்டுகளை அடுக்கியபடி. "விருந்தாளியைக் கழுவச் சொல்வாங்களா?"

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"அடுத்த ஆள் சேர்ற வரைக்கும்."

லைல் தலையை வெளியே எடுத்தான். நெற்றியில் கரி. "வெர்ன், உன்கிட்ட மனுப் போட்டவங்க வேற யாராவது இருக்காங்களா?"

"இந்த மாவட்டத்துல இல்ல."

"பக்கத்து மாவட்டத்துல?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

அவன் சட்டியின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்ப இன்னும் கொஞ்சம் முரட்டு பிரஷ்ஷா ஒண்ணு வேணும்," என்றான். கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "கேப்டன், உங்க கடையில கம்பி பிரஷ் இருக்கா?"